விண்டோஸ் திறக்கவில்லையா? ஃபார்மேட் போடும் முன் சேஃப் மோடு

காலை எட்டரை மணிக்கு எங்கள் தெரு ஜெராக்ஸ் கடை அண்ணனிடமிருந்து ஃபோன். "தம்பி, சிஸ்டம் ஆன் ஆகுது, லோகோ வருது, வட்டம் சுத்துது, அப்புறம் ஸ்கிரீன் கறுப்பாயிடுது. அதுக்கு மேல ஒண்ணும் வரல." அன்று பிள்ளைகள் ஹால் டிக்கெட் பிரின்ட் எடுக்க வரும் நாள். பக்கத்திலிருக்கும் சர்வீஸ் கடையில் விசாரித்திருக்கிறார். "எடுத்துட்டு வாங்க, ஃபார்மேட் போட்டு சாயங்காலம் தர்றோம்" என்றார்களாம். அந்தக் கம்ப்யூட்டரின் டெஸ்க்டாப்பில் ஏழு வருஷமாக அவர் செய்த கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கடை திறப்பு டிசைன்கள் எல்லாம் கிடந்தன. வேறெங்கும் நகல் இல்லை.

ஃபார்மேட் போட்டிருந்தால் கம்ப்யூட்டர் ஓடியிருக்கும், பத்திரிகைகள் போயிருக்கும். அதற்கு அவசியமே இருக்கவில்லை. சேஃப் மோடில் திறந்து ஒரே ஒரு டிரைவரை, அதாவது ஒரு பாகத்தை இயக்க விண்டோஸுக்கு உதவும் மென்பொருளை, பழையபடி மாற்றியதும், பத்து மணிக்குள் அவர் பிரின்ட் எடுக்க ஆரம்பித்துவிட்டார். ஃபார்மேட் என்ற வார்த்தையைக் கேட்டு மனசு பதறுகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். முன்பின் பழக்கமில்லாதவர்களும் பொறுமையாகச் செய்யலாம். விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் பொருந்தும். விண்டோஸ் 7 வைத்திருப்பவர்களுக்கும் நடுவில் ஒரு குறிப்பு உண்டு.

முதலில், எந்த இடத்தில் நிற்கிறது?

"சிஸ்டம் ஆன் ஆகல" என்று எல்லாரும் சொல்கிறோம். அது பல வேறு கோளாறுகளுக்கான ஒரே பெயர். எதுவரை போய் நிற்கிறது என்று ஒருமுறை நிதானமாகக் கவனித்தால் பாதி வேலை முடிந்துவிடும்.

பட்டனை அழுத்தியும் விளக்கு எரியவில்லை, விசிறி சுற்றவில்லை என்றால் அது மின்சாரம் வந்து சேராத கோளாறு. பிளக் பாயின்ட், யுபிஎஸ், டெஸ்க்டாப்புக்குள் மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் பெட்டி, லேப்டாப்பின் சார்ஜர் என்று வரிசையாகப் பாருங்கள். சேஃப் மோடுக்கு இங்கே வேலை இல்லை.

விசிறி சுற்றுகிறது, ஆனால் திரையில் ஒன்றுமே வரவில்லை, அல்லது விட்டு விட்டு பீப் சத்தம் கேட்கிறது என்றால் மானிட்டர் கேபிளை ஆட்டிப் பாருங்கள், பிறகு ரேமை, அதாவது உள்ளே சொருகியிருக்கும் நினைவகப் பலகையை, பாருங்கள். நம் ஊர் வெயிலுக்கும் தூசிக்கும் ரேம் காலில் அழுக்குப் படிவது சகஜம். டெஸ்க்டாப் என்றால் நீங்களே சரிசெய்யலாம். பவர் கேபிளைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடித்து மிச்சமிருக்கும் மின்சாரத்தை வடிய விடுங்கள். கேபினட்டின் இரும்பை ஒருமுறை தொட்டுக்கொள்ளுங்கள், உடம்பிலிருக்கும் நிலைமின்சாரம் இறங்கிவிடும். இரண்டு ஓரத்திலும் இருக்கும் கொக்கியை விலக்கினால் ரேம் மேலே எழும்பும். அதன் பொன்னிறக் கால்களைச் சுத்தமான பென்சில் ரப்பரால் மெதுவாக ஒரே திசையில் தேய்த்து, ரப்பர் துகளை மென்மையான பிரஷ்ஷால் தட்டிவிட்டு, 'க்ளிக்' என்று சத்தம் வரும்வரை திரும்ப அழுத்துங்கள். பல கம்ப்யூட்டர்கள் இதோடு எழுந்துவிடும்.

லோகோ வந்த பிறகு 'நோ பூட்டபிள் டிவைஸ்' என்று எழுத்து வந்து நிற்கிறதா? முதலில் பின்னால் சொருகியிருக்கும் பென் டிரைவை எடுங்கள். சில கம்ப்யூட்டர்கள் ஹார்டு டிஸ்க்கை விட்டுவிட்டுப் பென் டிரைவில் விண்டோஸைத் தேடிக்கொண்டிருக்கும். அதுவும் இல்லையென்றால் டிஸ்க்கின் கேபிள் தளர்ந்திருக்கலாம், அல்லது டிஸ்க்கே போயிருக்கலாம். தேதி பல வருஷம் பின்னால் போயிருந்தால் மதர்போர்டிலிருக்கும் சிஆர் 2032 என்ற காசு வடிவ பேட்டரி தீர்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

லோகோ தாண்டி, புள்ளிகள் வட்டமாகச் சுற்ற ஆரம்பித்த பிறகு நிற்கிறது, அல்லது தானாக ரீஸ்டார்ட் ஆகி ஆகிச் சுழல்கிறது, அல்லது நீலத் திரை வருகிறது, அல்லது பாஸ்வேர்டு போட்ட பிறகு வெறும் கறுப்புத் திரைதான் என்றால், இந்தக் கட்டுரை உங்களுக்கானது. இயந்திரம் உயிரோடு இருக்கிறது, சிக்கல் விண்டோஸ் எழுந்திருக்கும் இடத்தில் இருக்கிறது.

நீலத் திரை வந்தால் உடனே மொபைலில் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். விண்டோஸ் 11இன் புதிய பதிப்புகளில் அந்தத் திரை கறுப்பாகவே வருகிறது, அதையும் எடுங்கள். கீழே 'ஸ்டாப் கோட்' என்று ஒரு வரி இருக்கும். சில சமயம் எந்த ஃபைலால் இந்த நிலை வந்தது என்று அதன் பெயரே அங்கே இருக்கும். பிறகு யாரிடம் உதவி கேட்டாலும் அந்தப் படம் பத்து நிமிட விளக்கத்தை மிச்சப்படுத்தும்.

கடைசியாக ஒன்று. பிரின்டர், வெப்கேம், பென் டிரைவ், வெளி ஹார்டு டிஸ்க் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, கீபோர்டும் மவுஸும் மட்டும் வைத்து ஒருமுறை ஆன் செய்து பாருங்கள். திறந்துவிட்டால் கழற்றியதில் ஏதோ ஒன்றுதான் காரணம்.

சேஃப் மோடு என்ன செய்கிறது?

வீட்டில் எம்சிபி திரும்பத் திரும்ப விழுந்தால் எலக்ட்ரீஷியன் என்ன செய்வார்? எல்லா ஸ்விட்சையும் அணைத்துவிட்டு மெயினைப் போடுவார். நின்றால் லைன் சரி. அப்புறம் ஃபேன், ஃபிரிட்ஜ், மோட்டார் என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பார். மோட்டாரைப் போட்டதும் விழுந்தால் கோளாறு மோட்டாரில்.

சேஃப் மோடும் அதேதான். விண்டோஸ் எழுந்திருக்கக் கட்டாயம் வேண்டியவற்றை மட்டும் ஏற்றும். கிராபிக்ஸ் கார்டு நிறுவனத்தின் டிரைவர், நீங்கள் போட்ட ஆன்டிவைரஸ், தானாகத் திறக்கும் மென்பொருள்கள் எல்லாம் வெளியே நிற்கும். திரையில் எழுத்தும் ஐகான்களும் பெரிதாக, கொஞ்சம் அசிங்கமாகத் தெரியும். பின்னணி கறுப்பு. நாலு மூலையிலும் 'சேஃப் மோடு' என்று எழுதியிருக்கும். பாட்டு கேட்காது, இன்டர்நெட் இருக்காது. கெட்டுப்போய்விட்டது என்று நினைக்காதீர்கள், அது அப்படித்தான் இருக்க வேண்டும்.

சேஃப் மோடு தானாக எதையும் சரிசெய்யாது. அது ஒரு கேள்விக்குப் பதில் சொல்லும். இதில் ஒழுங்காகத் திறந்தால், ரேமும் டிஸ்க்கும் விண்டோஸின் அடிப்படை ஃபைல்களும் பெரும்பாலும் நன்றாக இருக்கின்றன, பிறகு வந்து சேர்ந்த ஏதோ ஒன்றுதான் காலை வாரிவிடுகிறது. இதிலும் திறக்கவில்லை என்றால் கோளாறு ஆழத்தில் இருக்கிறது. அந்தப் பதில் தெரியாமல் ஃபார்மேட் போடுவது காய்ச்சல் எதனால் என்று பார்க்காமலே ஆபரேஷன் செய்வது போல.

இது வீட்டுக் கம்ப்யூட்டருக்கான சின்ன வைத்தியம் மட்டுமல்ல. 2024 ஜூலை 19 அன்று, கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த ஒரு தவறான அப்டேட்டால் உலகம் முழுக்க விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையில் நின்றன. மைக்ரோசாஃப்ட் சொன்ன கணக்கு, சுமார் 85 லட்சம். இந்திய விமான நிலையங்களில் அன்று கையால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுத்தார்கள். அதற்குச் சொல்லப்பட்ட தீர்வு என்ன தெரியுமா? சேஃப் மோடில் திறந்து, அந்த மென்பொருளின் ஃபோல்டருக்குள் போய், ஒரே ஒரு வகை ஃபைலை அழித்துவிட்டு ரீஸ்டார்ட் செய்வது. பெரிய பெரிய நிறுவனங்களின் ஐடி ஆட்கள் ஒவ்வொரு மேசையாகப் போய் இதைத்தான் செய்தார்கள்.

உள்ளே போவதற்கு முன் இரண்டு விஷயம்

முதலாவது பாஸ்வேர்டு. தினமும் நாலு இலக்கப் பின் போட்டே திறந்து பழகியிருப்போம். சேஃப் மோடில் சில கம்ப்யூட்டர்களில் பின் எடுபடாது, கணக்கின் முழு பாஸ்வேர்டையும் கேட்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கு என்றால் அந்த மின்னஞ்சலின் பாஸ்வேர்டு. மறந்திருந்தால் மொபைலிலிருந்து முதலிலேயே மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அப்படி மாற்றிய புதிய பாஸ்வேர்டை கம்ப்யூட்டர் இன்டர்நெட்டில் இணைந்த பிறகுதான் அறியும், அதனால் அப்போது நெட்வொர்க்கிங் உள்ள சேஃப் மோடையே தேர்ந்தெடுங்கள்.

இரண்டாவது பிட்லாக்கர், அதாவது டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி. புதிய லேப்டாப்கள் பலவற்றில் டிஸ்க் முழுவதும் பூட்டப்பட்டே வருகிறது, வாங்கியவருக்கே தெரியாது. சேஃப் மோடுக்குப் போகும்போது திடீரென்று நீலத் திரையில் ரிகவரி கீ கேட்கும். அது 48 இலக்க எண். பதறாதீர்கள். மொபைலில் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்குக்குள் போய், டிவைசஸ் பகுதியில் அந்தக் கம்ப்யூட்டரின் பெயரைத் திறந்தால் கீ இருக்கும். திரையில் காட்டும் கீ ஐடியின் முதல் சில எழுத்துகள் அங்கே இருப்பதோடு பொருந்துகிறதா என்று பார்த்துவிட்டு டைப் செய்யுங்கள். அலுவலக லேப்டாப் என்றால் கீ உங்கள் ஐடி பிரிவிடம் இருக்கும், நீங்களாக எதையும் முயல வேண்டாம்.

சரி, உள்ளே போகலாம்

லாகின் திரை வரையாவது வருகிறது என்றால் மிகச் சுலபம். வலது கீழ் மூலையில் பவர் ஐகானைத் தட்டுங்கள். கீபோர்டில் ஷிஃப்ட்டை அழுத்திப் பிடித்தபடியே 'ரீஸ்டார்ட்' கொடுங்கள். ஷிஃப்ட்டிலிருந்து விரலை எடுக்காதீர்கள். 'சூஸ் அன் ஆப்ஷன்' என்ற நீலத் திரை வந்த பிறகு எடுத்தால் போதும்.

லாகின் வரை வரவே இல்லையென்றால் கொஞ்சம் முரட்டு வழி. ஆன் செய்து, நிறுவனத்தின் லோகோ வந்ததும் பவர் பட்டனைப் பத்து நொடி அழுத்திப் பிடித்து அணைத்துவிடுங்கள். மறுபடி ஆன் செய்து, அதேபோல் அணைக்கவும். மூன்றாவது முறை ஆன் செய்துவிட்டுத் தொடாமல் விடுங்கள். தொடர்ந்து எழ முடியாமல் போனதை விண்டோஸ் கவனித்துக்கொண்டு, 'ப்ரிப்பேரிங் ஆட்டோமேட்டிக் ரிப்பேர்' என்று எழுதிக் காட்டும். அது சோதித்து முடித்ததும் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' என்ற பட்டன் வரும். இப்படிப் பலவந்தமாக அணைப்பது தினமும் செய்கிற வேலை அல்ல, இதற்காக மட்டும் சரி. அப்டேட் ஓடிக்கொண்டிருக்கும்போது, சதவீத எண் திரையில் நகர்ந்துகொண்டிருந்தால், தயவுசெய்து அணைக்காதீர்கள். ஒரு மணி நேரமானாலும் காத்திருங்கள்.

எந்த வழியில் வந்தாலும் இதற்குப் பிறகு பாதை ஒன்றுதான்:

1. 'ட்ரபிள்ஷூட்' என்பதைத் தட்டுங்கள்.
2. 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்'.
3. 'ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ்'. முதலில் தெரியவில்லை என்றால் 'சீ மோர் ரிகவரி ஆப்ஷன்ஸ்' என்பதைத் தட்டினால் வரும்.
4. 'ரீஸ்டார்ட்'.
5. மறுபடி எழும்போது எண்களோடு ஒரு பட்டியல் வரும். 4 என்பது சாதாரண சேஃப் மோடு. 5 என்பது இன்டர்நெட் வசதியோடு. 6 என்பது கமாண்ட் ப்ராம்ப்ட், அதாவது கட்டளைகளை டைப் செய்யும் வெறும் கறுப்புத் திரை. மவுஸ் அங்கே வேலை செய்யாது, கீபோர்டில் எண்ணையே அழுத்துங்கள்.

முதல் தடவை 4ஐ அழுத்துங்கள். டிரைவர் ஏதாவது பதிவிறக்க வேண்டியிருந்தால் மட்டும் 5. அதிலும் வைஃபையைவிட, ரவுட்டரிலிருந்து நேராக ஒரு கேபிளைச் சொருகுவதுதான் நம்பகமானது. வைரஸ் சந்தேகம் இருந்தால் 5 பக்கமே போகாதீர்கள்.

பழைய ஆட்கள் எஃப்8 எங்கே போனது என்று கேட்பார்கள். விண்டோஸ் 7 வரை, லோகோ வருவதற்கு முன் எஃப்8ஐத் தட்டிக்கொண்டே இருந்தால் சேஃப் மோடு பட்டியல் வந்துவிடும். 2012இல் வந்த விண்டோஸ் 8 அவ்வளவு வேகமாக எழ ஆரம்பித்ததால், விரல் படுவதற்கே நேரமில்லாமல் போய், அந்த வழியை மூடிவிட்டார்கள். விண்டோஸ் 7 வைத்திருந்தால் உங்களுக்கு இன்னும் எஃப்8 தான்.

உள்ளே போனதும் முதல் வேலை

எதையும் சரிசெய்யத் தொடங்காதீர்கள். முதலில் ஒரு பென் டிரைவையோ வெளி டிஸ்க்கையோ சொருகுங்கள். சேஃப் மோடில் அவை வேலை செய்யும். டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ், பிக்சர்ஸ் இந்த நாலு ஃபோல்டரையும் காப்பி செய்யுங்கள். டேலி போன்ற கணக்கு மென்பொருள் வைத்திருப்பவர்கள் அதன் டேட்டா ஃபோல்டர் எங்கே இருக்கிறது என்று தெரிந்து அதையும் எடுங்கள். அது பெரும்பாலும் டாக்குமென்ட்ஸுக்குள் இருக்காது.

அண்ணன் கடையில் நான் செய்த முதல் வேலை அதுதான். 32 ஜிபி பென் டிரைவில் அந்தப் பத்திரிகைகள் போய்ச் சேரப் பதினைந்து நிமிடம் ஆனது. வாசலில் பிள்ளைகள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அவருக்குக் கை பரபரத்தது. இருந்தாலும் காத்திருந்தோம். காப்பி முடிந்ததும் அவர் பென் டிரைவைப் பிடுங்கிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு எது தவறினாலும் கவலையில்லை என்ற தைரியம் இரண்டு பேருக்கும் வந்துவிட்டது.

காப்பி செய்யும்போது ஹார்டு டிஸ்க்கிலிருந்து 'டிக் டிக்' என்று சத்தம் வந்தாலோ, ஒரு சின்ன ஃபைலுக்கே திணறினாலோ, டிஸ்க் போய்க்கொண்டிருக்கிறது. முக்கியமானதை மட்டும் எடுத்துக்கொண்டு உடனே அணைத்துவிடுங்கள். ரிப்பேர் எதையும் ஓட்டவே ஓட்டாதீர்கள்.

என்ன மாறியது?

"கடைசியா நல்லா ஓடினது எப்போ? அதுக்கப்புறம் என்ன பண்ணீங்க?" இந்தக் கேள்வியை யாரிடம் கேட்டாலும் முதல் பதில் "ஒண்ணுமே பண்ணல" என்பதாகத்தான் இருக்கும். அண்ணனும் அதையே சொன்னார். யாரும் பொய் சொல்வதில்லை, செய்தது நினைவில் நிற்பதில்லை. கம்ப்யூட்டரையே கேட்டுவிடலாம். கன்ட்ரோல் பேனலைத் திறந்து 'ப்ரோகிராம்ஸ் அண்டு ஃபீச்சர்ஸ்' பட்டியலுக்குப் போங்கள். 'இன்ஸ்டால்டு ஆன்' என்ற தலைப்பைத் தட்டினால் தேதி வரிசையில் அடுக்கித் தரும். அண்ணன் கடையில் மேலே வந்தது, முந்தின நாள் இரவு போட்ட ஓர் இலவச மென்பொருள். எல்லா டிரைவரையும் ஒரே கிளிக்கில் புதுப்பித்துத் தருகிறேன் என்று விளம்பரத்தில் வந்ததாம். "ஆமா தம்பி, கம்ப்யூட்டர் ஸ்லோவா இருந்துச்சுன்னு போட்டேன்" என்றார் அப்போது. அது கிராபிக்ஸ் கார்டுக்குப் பொருந்தாத டிரைவரைப் போட்டுவிட்டிருந்தது. இந்த மாதிரி மென்பொருள்களை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். டிரைவர் வேண்டுமென்றால் விண்டோஸ் அப்டேட்டிலிருந்தோ தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்தோ மட்டும் எடுங்கள்.

டிரைவரைச் சந்தேகித்தால் செய்ய வேண்டியது இது. ஸ்டார்ட் பட்டனின் மேல் ரைட் கிளிக் செய்து 'டிவைஸ் மேனேஜர்' திறக்கவும். லோகோவுக்குப் பின் கறுப்புத் திரை என்றால் 'டிஸ்ப்ளே அடாப்டர்ஸ்' பக்கம் போங்கள். அதற்குள் இருக்கும் பெயரில் ரைட் கிளிக், 'ப்ராப்பர்ட்டீஸ்', பிறகு 'டிரைவர்' டேப். அங்கே 'ரோல் பேக் டிரைவர்' பட்டன் அழுத்தக்கூடியதாக இருந்தால் அழுத்துங்கள், முந்தைய டிரைவர் திரும்பி வரும். மங்கலாக இருந்தால் பழையது இல்லை என்று அர்த்தம். அப்போது 'அன்இன்ஸ்டால் டிவைஸ்' கொடுத்து, டிரைவரையும் நீக்கு என்ற கட்டத்தில் டிக் போடுங்கள். பயம் வேண்டாம், அடுத்த முறை எழும்போது விண்டோஸ் தன்னிடமிருக்கும் அடிப்படை டிரைவரைக் கொண்டு படம் காட்டும். சரியானதைப் பிறகு போட்டுக்கொள்ளலாம்.

அடுத்த சந்தேகம் ஆன்டிவைரஸ். ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு ஆன்டிவைரஸ் போட்டு வைப்பவர்கள் நிறைய. இரண்டும் விண்டோஸின் ஆழத்தில் ஒரே வாசலில் காவல் நிற்கப் பார்ப்பதால் ஒன்றையொன்று தடுக்கும், லாகினுக்குப் பின் எல்லாம் உறைந்துவிடும். ஒன்றை நீக்குங்கள். சேஃப் மோடில் அன்இன்ஸ்டால் செய்யும்போது 'விண்டோஸ் இன்ஸ்டாலர் சர்வீஸ்' இயங்கவில்லை என்று சில மென்பொருள்கள் மறுக்கும். அந்த சேவை சேஃப் மோடில் ஏறாது, அதுதான் காரணம். பெரும்பாலான ஆன்டிவைரஸ் நிறுவனங்கள் தங்கள் மென்பொருளை நீக்குவதற்கென்றே தனிக் கருவி வைத்திருக்கின்றன. வேறொரு கம்ப்யூட்டரில் அதை இறக்கி பென் டிரைவில் கொண்டு வாருங்கள்.

டிரைவரும் இல்லை, ஆன்டிவைரஸும் இல்லை, லாகினுக்குப் பிறகுதான் தொந்தரவு என்றால் தானாகத் திறக்கும் மென்பொருள்களைப் பாருங்கள். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் 'ஸ்டார்ட்அப்' பகுதியில் எல்லாவற்றையும் 'டிஸேபிள்' செய்யுங்கள். பிறகு ஸ்டார்ட் மெனுவில் 'சிஸ்டம் கான்ஃபிகரேஷன்' என்று தேடித் திறந்து, 'சர்வீசஸ்' டேப்பில் 'ஹைட் ஆல் மைக்ரோசாஃப்ட் சர்வீசஸ்' என்ற கட்டத்தில் முதலில் டிக் போடுங்கள். அதைப் போடாமல் கீழே போகாதீர்கள், போட்டால்தான் விண்டோஸின் சொந்தச் சேவைகள் பட்டியலிலிருந்து மறையும். மிச்சமிருப்பதை 'டிஸேபிள் ஆல்' கொடுத்துவிட்டு சாதாரணமாக ரீஸ்டார்ட் செய்யுங்கள். திறந்துவிட்டதா? எலக்ட்ரீஷியன் போல இனி பாதிப் பாதியாகப் போட்டுப் பாருங்கள். இருபது இருந்தால் பத்தை மட்டும் ஆன் செய்து ரீஸ்டார்ட். தொந்தரவு வந்தால் அந்தப் பத்தில், வராவிட்டால் மற்ற பத்தில். ஐந்தாறு ரீஸ்டார்ட்டுக்குள் குற்றவாளி கையில் கிடைப்பான்.

கரன்ட் போய்க் கம்ப்யூட்டர் படாரென்று அணைந்த பிறகு தொடங்கிய கோளாறு என்றால், விண்டோஸின் ஃபைல்கள் சிதைந்திருக்கலாம். கமாண்ட் ப்ராம்ப்ட்டை ரைட் கிளிக் செய்து 'ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' கொடுத்துத் திறந்து, எஸ்எஃப்சி என்ற மூன்று எழுத்து, ஓர் இடைவெளி, ஒரு சாய்கோடு, அதோடு ஒட்டியே ஸ்கேன்நவ் என்று ஒரே வார்த்தையாக டைப் செய்து என்டர் தட்டுங்கள். நூறு சதவீதம் வரும்வரை விட்டுவிடுங்கள். சிதைந்ததைக் கண்டுபிடித்து மாற்றிவிட்டதாகச் சொன்னால் ரீஸ்டார்ட்.

அப்டேட்டுக்குப் பிறகு வந்த கோளாறு என்றால் சேஃப் மோடே தேவையில்லை. அதே நீலத் திரைப் பாதையில், 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' பக்கத்தில் 'அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்' இருக்கிறது. முதலில் 'குவாலிட்டி அப்டேட்'டை நீக்கிப் பாருங்கள். அதே பக்கத்தில் 'சிஸ்டம் ரீஸ்டோர்' உம் இருக்கிறது. கோளாறுக்கு முந்தைய ஒரு தேதி அங்கே கிடைத்தால் விண்டோஸின் அமைப்புகள், டிரைவர்கள், மென்பொருள்கள் அந்த நாளுக்குத் திரும்பும். உங்கள் போட்டோவோ டாக்குமென்ட்டோ அழியாது, அந்தத் தேதிக்குப் பின் போட்ட மென்பொருள்கள் மட்டும் போகும்.

ஒரு சமயத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். செய்து, ரீஸ்டார்ட் போட்டு, பார்த்து, ஒரு தாளில் எழுதி வையுங்கள். நாலைந்தை ஒன்றாக மாற்றினால் எதனால் சரியானது என்றே தெரியாது, அடுத்த மாதம் அதே கோளாறு வரும்போது மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

சேஃப் மோடிலும் திறக்கவில்லை என்றால்

இப்போது அதே 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' பக்கத்தில் 'ஸ்டார்ட்அப் ரிப்பேர்' ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். ரேமைச் சந்தேகித்தால், இரண்டு ரேம் இருக்கும் டெஸ்க்டாப்பில் ஒன்றைக் கழற்றி வைத்துத் திறந்து பாருங்கள், பிறகு மாற்றிப் பாருங்கள். அந்த 'சூஸ் அன் ஆப்ஷன்' நீலத் திரையே வரவில்லையென்றால் வேறொரு கம்ப்யூட்டரில், மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து மீடியா கிரியேஷன் டூலை இறக்கி, 8 ஜிபி அல்லது அதற்கு மேற்பட்ட காலிப் பென் டிரைவில் விண்டோஸ் இன்ஸ்டாலரைத் தயார் செய்யுங்கள். அந்தப் பென் டிரைவில் இருக்கும் பழையதெல்லாம் அழிந்துவிடும், கவனம். அதிலிருந்து கம்ப்யூட்டரை எழுப்பி (பூட் செய்து), இன்ஸ்டால் கொடுக்காமல், ரிப்பேர் என்று இருப்பதைத் தேர்ந்தெடுத்தால் மேலே சொன்ன கருவிகள் கிடைக்கும்.

இதற்கும் மசியவில்லை என்றால் சர்வீஸ் கடைக்குப் போக வேண்டிய நேரம்தான். அங்கே இரண்டு வாக்கியம் சொல்லுங்கள்: "சேஃப் மோடிலயும் திறக்கல. டேட்டாவை எடுத்துக் கொடுத்த பிறகுதான் ஃபார்மேட் போடணும்." முடிந்தால் அதை ஜாப் கார்டில் எழுதி வாங்குங்கள். டிஸ்க்கைக் கழற்றி இன்னொரு கம்ப்யூட்டரில் மாட்டி டேட்டாவை எடுப்பது அவர்களுக்குச் சாதாரண வேலை. கேட்டால் செய்வார்கள், கேட்காவிட்டால் பல இடங்களில் செய்ய மாட்டார்கள். பிட்லாக்கர் போட்ட லேப்டாப் என்றால் அந்த 48 இலக்க கீயையும் கையோடு வைத்திருங்கள்.

வெளியே வருவது

சாதாரணமாக ரீஸ்டார்ட் செய்தாலே சேஃப் மோடிலிருந்து வெளியே வந்துவிடலாம். ஒரு விதிவிலக்கு உண்டு. சிலர் 'சிஸ்டம் கான்ஃபிகரேஷன்' திறந்து 'பூட்' டேப்பில் 'சேஃப் பூட்' என்ற கட்டத்தில் டிக் போட்டு உள்ளே போவார்கள். அந்த டிக்கை எடுக்கும்வரை ஒவ்வொரு முறையும் சேஃப் மோடுதான் வரும். பாஸ்வேர்டும் தெரியாமல் இதைச் செய்துவிட்டால் உள்ளேயும் போக முடியாது, வெளியேயும் வர முடியாது. அதனால் புதியவர்கள் இந்த வழியைத் தொட வேண்டாம். ஏற்கெனவே மாட்டிக்கொண்டிருந்தால், நீலத் திரையின் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' பக்கத்தில் 'கமாண்ட் ப்ராம்ப்ட்' திறந்து இப்படி டைப் செய்யுங்கள்: பிசிடிஎடிட், இடைவெளி, சாய்கோட்டோடு ஒட்டி டெலீட்வேல்யூ, இடைவெளி, நெளிவு அடைப்புக்குறிக்குள் டிஃபால்ட், இடைவெளி, சேஃப்பூட். என்டர் தட்டி, வேலை முடிந்தது என்று சொன்னதும் மூடிவிட்டு 'கன்டினியூ' கொடுத்தால் வழக்கமான விண்டோஸ் வரும்.

திறந்த பிறகு, அன்றைக்கே, இரண்டு நிமிடம் ஒதுக்குங்கள். ஸ்டார்ட் மெனுவில் 'கிரியேட் எ ரீஸ்டோர் பாயின்ட்' என்று தேடுங்கள். மேலே சொன்ன 'சிஸ்டம் ரீஸ்டோர்' திரும்பிப் போகும் தேதியைச் சேமித்து வைப்பது இதுதான். பல கம்ப்யூட்டர்களில் சி டிரைவுக்கு எதிரே 'ஆஃப்' என்றுதான் இருக்கும். 'கான்ஃபிகர்' தட்டி ஆன் செய்து, ஐந்து சதவீத இடம் கொடுத்து, 'கிரியேட்' பட்டனால் ஒன்றை உருவாக்கி வையுங்கள். அண்ணன் கடையில் அதற்கு அன்றைய தேதியையே பெயராகக் கொடுத்தோம். ரிகவரி கீயை ஒரு தாளில் எழுதிக் கல்லாப் பெட்டியின் மூடிக்கு உள்பக்கம் ஒட்டி வைத்தார். பென் டிரைவ் இன்னும் சட்டைப் பையிலேயே இருந்தது. வாரக் கடைசியில் அதை ஒரு வெளி டிஸ்க்குக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று பேசிக்கொண்டிருக்கும்போதே முதல் ஹால் டிக்கெட் பிரின்டரிலிருந்து வெளியே வந்தது.